ஒரே மழை, இரண்டு விலைகள்: வைக்கோலும் மாடும்

2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாடு அரசு மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தது. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மாநிலத்துக்குச் சராசரியாகக் கிடைக்க வேண்டிய மழை 440 மில்லிமீட்டர். கிடைத்ததோ 168 மில்லிமீட்டர். அறிவிப்பு வந்த ஒரே வாரத்தில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் திரண்டார்கள். நாட்டு மாடுகளைக் காப்பது பற்றி மாநிலமே பேசிய அந்த நாட்களில், வைக்கோல் தீர்ந்துபோன வீடுகளிலிருந்து மாடுகள் சந்தைக்கு நடந்துகொண்டிருந்தன. மாட்டை விற்றவர்கள் மாட்டின் மேல் அன்பு குறைந்தவர்கள் அல்லர். கொட்டிலில் நிற்கும் மாட்டுக்கும் வீட்டுப் பின்புறத்தில் இருக்கும் வைக்கோல் போருக்கும் இடையிலான கணக்கு அந்த ஆண்டு பொருந்தாமல் போயிற்று.

அந்தக் கணக்கு எப்படி இயங்குகிறது என்பதை இங்கே பார்க்கலாம். மழை தவறும்போது வைக்கோலின் விலை ஏறுகிறது. அதே மழை தவறியதால், அதே வாரங்களில், மாட்டின் விலை இறங்குகிறது. வாங்க வேண்டியது உச்ச விலையிலும் விற்க வேண்டியது அடிமட்ட விலையிலும் நிற்கும் நேரத்தில்தான் வளர்ப்பவர் முடிவெடுக்க நேர்கிறது. மழை திரும்பிய பிறகு வைக்கோல் நான்கு அல்லது ஐந்து மாதங்களில் வந்துவிடும். விற்ற மாட்டின் இடத்தில் வீட்டிலேயே ஒரு கன்று வளர்ந்து, ஈன்று, பால் தர மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். வறட்சியின் முழுச் செலவும் இந்தக் கால வித்தியாசத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

குளிர்நாடுகளில் புல்லை அறுத்து வெயிலில் உலர்த்திப் பனிக்காலத்துக்குச் சேமிப்பார்கள். நம்மிடம் அந்த இடத்தை நிரப்புபவை பயிரின் மிச்சங்கள்: ஆற்றுப்பாசனப் பகுதிகளில் வைக்கோல், மானாவாரி நிலங்களில் சோளத்தட்டு, கம்பந்தட்டு, கடலைக்கொடி. இவற்றை யாரும் மாட்டுக்கென்று மட்டும் விளைவிப்பதில்லை. தட்டுக்காகவே அடர்த்தியாக விதைக்கப்படும் தீவனச் சோளம் இதற்கு விலக்கு. ஆகவே மாட்டின் உலர்தீவனம் மனிதனின் உணவுப் பயிரோடு கட்டுண்டது. நெல் பொய்த்தால் நெல்லோடு வைக்கோலும் பொய்க்கிறது; விவசாயி தன் வருமானத்தையும் மாட்டின் உணவையும் ஒரே அடியில் இழக்கிறார். கையில் பணம் இருக்கும் ஆண்டில் வைக்கோலை விலைக்கு வாங்கும் தேவை வருவதில்லை. தேவை வரும் ஆண்டில் பணம் இருப்பதில்லை.

அளவுகளைப் பார்த்தால் நெருக்கம் புரியும். சுமார் 400 கிலோ எடையுள்ள ஒரு கலப்பினக் கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 12 கிலோ உலர்பொருள் தேவை. அதில் 5 அல்லது 6 கிலோவை வைக்கோலாகக் கொடுக்கும் வீட்டில், ஆண்டுக்கு ஒரு மாட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 2 டன் வேண்டும். இன்றைய குட்டை ரக நெல்லில் தானியத்தின் எடையும் வைக்கோலின் எடையும் ஏறத்தாழ சமமாக இருப்பதால், நன்றாக விளைந்த ஒரு ஏக்கரின் வைக்கோல் ஒரு மாட்டுக்கு ஓராண்டுக்குத்தான் போதும். பழைய நெட்டை ரகங்களில் வைக்கோல் இதைவிட அதிகமாகக் கிடைத்தது. நெல்லின் விளைச்சலைக் கூட்டுவதற்காகப் பயிரின் உயரத்தைக் குறைத்தபோது மாட்டின் பங்கும் சேர்ந்தே குறைந்தது. பசுமைப் புரட்சி பற்றிய பேச்சுகளில் இந்தச் செய்தி அரிதாகவே இடம்பெறுகிறது. நிலமே இல்லாமல் இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு வைக்கோல் முழுவதுமே விலைக்கு வாங்கும் பொருள்.

வைக்கோலில் சத்து குறைவு. புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். ஆனாலும் அதைத் தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டையால் முழுவதும் ஈடுகட்டிவிட முடியாது. அசைபோடும் விலங்கின் முதல் வயிறு நார்ப்பொருள் இல்லாமல் சரிவர இயங்காது. நார் குறைந்து அடர்தீவனம் கூடினால் வயிற்றில் அமிலம் மிகுந்து மாடு தீனி எடுக்க மறுக்கும். பாலில் கொழுப்பும் இறங்கும். கொழுப்பையும் இதரச் சத்துகளையும் அளந்தே பாலுக்கு விலை போடப்படுவதால், வைக்கோல் குறைந்த வீட்டின் இழப்பு பாலின் அளவோடு நிற்பதில்லை. ஒவ்வொரு லிட்டரின் விலையிலும் இறங்குகிறது.

காவிரிப் படுகையில் வைக்கோலின் நாட்காட்டியை எழுதுபவை இரண்டு: மேட்டூர் அணையின் மதகும் வடகிழக்குப் பருவமழையும். மரபுப்படி ஜூன் 12 அன்று அணை திறந்தால் குறுவை நடவு நடக்கும். அது செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். சரியாக அந்த நேரத்தில்தான் பருவமழையும் தொடங்கும். எனவே நல்ல ஆண்டிலும் குறுவை வைக்கோலில் ஒரு பகுதி நனைந்து வீணாகும். உலர்த்திப் போர் போட வெயில் கிடைக்காது. சம்பாவின் நிலை வேறு. ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் சம்பா, மழைக்காலத்தைப் பசுமையாகக் கடந்து, தையிலும் மாசியிலும் வானம் தெளிந்த பிறகு அறுவடைக்கு வருகிறது. நீண்ட நாள் ரகங்களான சம்பாப் பயிர்களில் வைக்கோலும் மிகுதி. அடுத்த கோடையைக் கடக்க உதவும் போர் பெரும்பாலும் இந்த வைக்கோலால் ஆனது. பிப்ரவரி முடியும்போது ஒரு வீட்டுப் போரின் உயரம் என்னவோ, ஆடி, ஆவணி வரை அந்த வீட்டு மாடுகளின் நிலையும் கிட்டத்தட்ட அதுவே.

2012 தொடங்கி 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை உரிய ஜூன் 12 அன்று திறக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணறு உள்ளவர்களே குறுவை வைத்தார்கள். மற்ற வயல்கள் சம்பா ஒன்றை மட்டும் நம்பியிருந்தன. ஒருபோகத்தை மட்டும் நம்பும் நிலம் ஒருமுறை வைக்கோல் தரும். அந்த ஒருமுறையும் தவறினால் அடுத்த ஜனவரி வரை எதுவும் இல்லை. 2016இல் நடந்தது அதுதான். தென்மேற்குப் பருவமழை கர்நாடகத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் குறைந்ததால் காவிரியில் நீர் இல்லை. அணை செப்டம்பர் 20 அன்றுதான் சம்பாவுக்காகத் திறக்கப்பட்டது. பிறகு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. சம்பா பல இடங்களில் கதிர் பிடிக்காமலே கருகியது. கருகிய பயிரை மாட்டை விட்டு மேய்த்தவர்கள் உண்டு. அந்த மேய்ச்சல் சில வாரங்களுக்கு உதவியிருக்கும். போர் என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்காது.

மழை குறைவதால் மட்டும் வைக்கோல் போவதில்லை. தவறான நேரத்தில் பெய்யும் மழையும் அதே வேலையைச் செய்கிறது, சில நேரங்களில் இன்னும் கொடுமையாக. ஏனெனில் விளைந்து முடிந்த பிறகு இழப்பது இது. 2021 ஜனவரியில், வழக்கமாக 12 மில்லிமீட்டர் அளவில் மட்டுமே மழை பெறும் மாதத்தில், தமிழ்நாட்டில் அதைப் போல் பத்து மடங்குக்கும் மேல் பெய்தது. அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து நீரில் கிடந்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் படுகை மாவட்டங்களில் இதே நிலை. அப்போது அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அளவுகோல் நெல்லின் சேதம். முளைத்துப்போன நெல்லைப் படம் எடுத்துக் காட்ட முடியும். சேற்றில் மிதிபட்ட வைக்கோலை யாரும் கணக்கெடுப்பதில்லை. ஒவ்வொரு பயிர்ச் சேதக் கணக்கெடுப்பிலும் வைக்கோலுக்கு ஒரு பத்தி ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நிலம் இல்லாத மாட்டுக்காரரின் இழப்பு அந்தப் பத்தியில்தான் பதிவாக முடியும்.

அறுவடை இயந்திரம் வந்த பிறகு இந்த ஆபத்து கூடியிருக்கிறது. கையால் அறுத்த காலத்தில் தாள் அடியோடு அரியப்பட்டு, அரி அரியாகக் கட்டப்பட்டு, களத்துக்கு வந்துவிடும். மழை மிரட்டினால் அன்றே மூடி வைக்கலாம். இயந்திரம் கதிர்ப்பகுதியை அறுத்துத் தானியத்தை எடுத்துக்கொண்டு, நசுங்கிய வைக்கோலை வயலிலேயே வரிசையாகக் கொட்டிச் செல்கிறது. அடித்தாளில் ஒரு பகுதி நிலத்திலேயே நின்றுவிடுகிறது. பிறகு அந்த வைக்கோல் காய வேண்டும், வைக்கோல் கட்டும் இயந்திரம் வர வேண்டும், அது ஓடும் அளவுக்கு வயலும் இறுகியிருக்க வேண்டும். ஈர வயலில் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டியைக் கொண்டு அறுவடை செய்தால் நெல் தப்பும். வைக்கோலின் பெரும்பகுதி பெல்ட்டின் அடியில் சேறாகும். அறுவடைக்கும் கட்டுக்கும் இடைப்பட்ட அந்த மூன்று நான்கு நாட்களுக்குள் ஒரு மழை விழுந்தால் போதும், அந்த வயலின் வைக்கோல் உரமாகத்தான் ஆகும். ஆள் பற்றாக்குறையும் கூலியும் இருக்கும் நிலையில் இயந்திரத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஆனால் வானிலை பொறுத்துக்கொள்ளும் கால அளவு முன்பிருந்ததைவிடச் சுருங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நனைந்த வைக்கோலைக் கட்டி அடுக்குவது பல வீடுகளில் நடக்கிறது; பஞ்ச காலத்தில் எதையும் விட்டுவிட மனம் வராது. ஈரப்பதம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் போர் பாதுகாப்பாக நிற்கும். 20 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். கையை நுழைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பும், உடைத்துப் பார்த்தால் வெண்தூசும், முடைநாற்றமும் அதன் அடையாளங்கள். பூஞ்சை நச்சு மாட்டின் ஈரலைத் தாக்கும், பாலிலும் இறங்கும். பூஞ்சை பிடிக்காவிட்டாலும், மழை கழுவிய வைக்கோலில் கரையும் சர்க்கரையும் தாது உப்புகளும் குறைந்துவிடுவதால் மாடு அதை மோந்து பார்த்து ஒதுக்கும். இன்னொன்றும் உண்டு: சந்தையில் வைக்கோல் பெரும்பாலும் எடைக்கன்றிக் கட்டுக் கணக்கில் விற்கப்படுகிறது. கட்டின் எடை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், ஈரமாக இருந்தால் எடை கூடும். எனவே ஒரு கட்டின் விலையைப் போன ஆண்டோடு ஒப்பிடுபவர், அந்தக் கட்டுக்குள் உலர்ந்த வைக்கோல் எத்தனை கிலோ என்பதைப் பார்க்காவிட்டால், விலை உயர்வின் உண்மை அளவை அறிய மாட்டார்.

மேற்கே கொங்கு நாட்டில் கதை வேறு. காங்கேயம் வட்டாரத்தின் ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவுதான். அங்கே கொறங்காடு என்ற மேய்ச்சல் நில முறை பல தலைமுறைகளாக இருந்துவருகிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். மழை பெய்தால் புல் தழைக்கும். புல் காய்ந்துபோகும் கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் புரதம் தரும். நிலத்தைப் பாகங்களாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதால், ஒரு பகுதி மேயப்படும்போது மற்றொன்று ஓய்வெடுக்கும். குறைந்த மழையை ஏற்றுக்கொண்டு அமைந்த முறை இது; காங்கேயம் மாடும் அதற்கேற்பவே தேர்ந்து வளர்க்கப்பட்டது. இதனால் ஓராண்டு மழை குறைந்தால் கொறங்காடு தாங்கும். தொடர்ந்து இரண்டு ஆண்டு பொய்த்தால் புல்லின் வேர்க்கட்டையே நலிந்துவிடும். பிறகு மழை வந்தாலும் முதல் மழையில் முளைப்பது பெரும்பாலும் களைதான். அப்போது மாடு முழுக்க முழுக்கத் தட்டுப் போரை நம்ப வேண்டியிருக்கும். தட்டும் அதே மழையால் விளைந்ததுதான்.

மானாவாரிச் சோளத்தில் வறட்சிக்கு ஒரு கொடிய பக்கமும் உண்டு. பூக்கும் முன் நீரின்றி வாடிய இளஞ்சோளத்திலும், வறட்சிக்குப் பிறகு ஒரு மழையில் துளிர்த்த மறுதழைவிலும் ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடும் பொருள் செறிந்திருக்கும். பசித்த மாடு வேலியைத் தாண்டிப் போய் அதை மேய்ந்தால் நிமிடக் கணக்கில் விழுந்துவிடும். தீவனமே இல்லாத ஆண்டில், கண்ணெதிரே பச்சையாக நிற்பதை மாட்டுக்குக் கொடுக்காதே என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் அறிவார்கள். பூத்து முற்றிய பிறகு அறுத்து நன்றாக உலர்த்திய தட்டில் இந்த ஆபத்து பெரிதும் தணிந்துவிடும். காத்திருக்கும் வசதி உள்ளவருக்கே அந்தப் பாதுகாப்பு.

ஒரு பகுதியில் பொய்த்தால் இன்னொரு பகுதியிலிருந்து வாங்கலாம் அல்லவா என்று கேட்கலாம். சாதாரண ஆண்டுகளில் அப்படித்தான் நடக்கிறது. படுகையிலிருந்து லாரிகளில் வைக்கோல் மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் போகிறது. ஆனால் வைக்கோல் எடை குறைந்து இடம் அடைக்கும் பொருள். லாரி நிறைந்துவிடும், எடை ஏறாது. தூரம் கூடக் கூட வண்டி வாடகையே வைக்கோலின் விலையை எட்டிவிடுகிறது. தவிர, 2016இல் கேரளத்திலும் இரண்டு பருவமழைகளும் தவறின. அம்மாநிலமும் அந்த அக்டோபர் இறுதியில் வறட்சியை அறிவித்தது. கர்நாடகத்திலும் பற்றாக்குறை. தனக்கே இல்லாதபோது அண்டை மாநிலம் எதை அனுப்பும்? ஒரு மாவட்டத்தின் வறட்சியைச் சந்தை ஈடுகட்டும். தென்னிந்தியா முழுவதும் பரவிய வறட்சியைச் சந்தையால் ஈடுகட்ட முடியாது.

இனி வீட்டுக்குள் நடக்கும் முடிவுகளுக்கு வரலாம். தீவனம் குறைவது தெரிந்தவுடன் யாரும் மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதில்லை. முதலில் அளவு குறையும்: இரு வேளை வைக்கோல் ஒரு வேளை ஆகும். பிறகு மேய்ச்சல் தூரம் நீளும். வேப்பந்தழை, ஆலந்தழை, வாழைமட்டை, கரும்புத் தோகை என்று கிடைப்பதெல்லாம் கொட்டிலுக்கு வரும். கிணற்றுப் பாசனத்தில் கோ-4 போன்ற தீவனப்புல் வைத்திருப்பவர் நீர்மட்டம் இறங்க இறங்கப் பாத்திகளைக் குறைத்துக்கொண்டே வருவார். இதெல்லாம் முடிந்த பிறகே விற்பனை. அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் காளைக்கன்று, அதற்கு உழவிலும் வண்டியிலும் வேலை இல்லாத காலம் இது. அடுத்து பால் வற்றிச் சினையும் பிடிக்காத மாடு. பின்னர் வயதான மாடு. அதற்கும் பிறகு, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, இன்னும் ஈனாத இளம்பசுவான கிடாரி. கடைசியில்தான் கறவையில் நிற்கும் மாடு.

இந்த வரிசை அன்றாட வருமானத்தின் நோக்கில் மிகச் சரியானது. கறவை மாடு வாரந்தோறும் பால் பணம் கொண்டுவருகிறது, அந்தப் பணத்தில் தனக்கான தீவனத்தையாவது ஓரளவு வாங்கிக்கொள்கிறது. கிடாரி தின்பது மட்டும்தான், அது திருப்பித் தரத் தொடங்க இன்னும் ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகள். ஆனால் மந்தையின் நோக்கில் பார்த்தால் கிடாரிதான் எதிர்காலம். கன்று பிறந்து, நல்ல பராமரிப்பில் இரண்டரை முதல் மூன்று வயதில் முதல் ஈற்று; சினைக்காலம் மட்டும் ஏறத்தாழ 280 நாள். வறட்சியில் கிடாரியை விற்ற வீட்டில், கறவை மாடு வற்றும்போது அதன் இடத்தில் நிற்க எதுவும் இருக்காது. விற்காமல் அரைவயிறாக வளர்த்தாலும் பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். ஈன்ற மாடும் மெலிந்துவிட்டால் மீண்டும் சினைப்பருவம் காட்டத் தாமதிக்கும். 2017 கோடையில் சினை பிடிக்காத மாட்டின் விளைவு 2018இல்தான் பால் கூடத்தில் தெரியும். அப்போது மழை பெய்து ஊரே பச்சையாக இருந்தாலும், அந்தக் கொட்டிலில் வறட்சி தொடர்கிறது.

சந்தையில் என்ன நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லா வீடுகளும் ஒரே மாதத்தில் விற்க வருகின்றன. வாங்கி வளர்க்க நினைப்பவர்கள் வைக்கோல் இல்லாததால் ஒதுங்கி நிற்கிறார்கள். துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசும் தரகருக்கு விற்பவரின் அவசரம் முகத்திலேயே தெரியும். மெலிந்த மாட்டுக்கு வளர்ப்பு விலை கிடைக்காது, அடிமாட்டு விலைதான். அந்த விலைக்கும் 2017இல் புதிய இடையூறு ஒன்று வந்தது. மே 23 அன்று மத்திய அரசு அறிவித்த விதிகள், கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடை செய்தன. ஒரு வாரத்துக்குள் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. விதிகளின் நோக்கம் பற்றிய விவாதம் வேறு. வறட்சியின் நடுவே, பால் வற்றிய மாட்டுக்கான கடைசி விலையும் நிச்சயமில்லாமல் போன காலம் அது என்பதை இங்கே குறிக்க வேண்டும். விற்க முடியாத மாட்டுக்கும் வைக்கோல் வேண்டும். அது கறவை மாட்டின் பங்கிலிருந்துதான் போகும்.

பால் விலையும் உதவிக்கு வரவில்லை. ஆவின் பசும்பாலுக்குக் கொடுத்த கொள்முதல் விலை 2014 நவம்பரில் லிட்டருக்கு 23 ரூபாயிலிருந்து 28 ஆனது. அடுத்த உயர்வு, 32 ரூபாயாக, 2019 ஆகஸ்டில் வந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குள் மாநிலத்தின் மிகக் கடுமையான வறட்சிகளில் ஒன்று வந்து போயிருக்கிறது. தீவன விலை வாரந்தோறும் வானத்தைப் பார்த்து மாறுகிறது. பால் விலை ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை யார் சுமக்கிறார்கள் என்றால், இரண்டு மாடு வைத்திருப்பவர்தான். நுகர்வோருக்குப் பால் விலை ஏறக்கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்தப் பாதுகாப்பின் செலவை, தெரிந்தோ தெரியாமலோ, மிக எளியவர்கள் மீது ஏற்றியிருக்கிறோம்.

இதே கால வித்தியாசம் மிகப் பெரிய அளவில் வெளிப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே 2011இல் வரலாறு காணாத வறட்சி. மேய்ச்சல் நிலம் கருகியது. உலர்புல் தொலைதூர மாநிலங்களிலிருந்து லாரிகளில் வந்தது. ஓராண்டுக்குள் அம்மாநிலத்தின் இறைச்சி இனப் பசுக்கள் சுமார் 6.6 லட்சம் குறைந்தன. ஆயிரக்கணக்கான ஏக்கரும் வங்கிக் கடனும் உள்ள பண்ணையாளர்கள் அவர்கள். ஆயினும் முடிவின் வடிவம் நம் ஊர்க் கொட்டிலில் நடப்பதேதான். மழை திரும்பிய பிறகு மந்தையைப் பெருக்க அவர்கள் கிடாரிகளை விற்காமல் நிறுத்திக்கொண்டார்கள். அதனால் சந்தைக்கு வரும் மாடு மேலும் குறைந்து, 2014இல் விலை உச்சத்துக்குப் போனது. வறட்சி முடிந்த பிறகும் பற்றாக்குறை ஆழமாவதன் காரணம் இதுதான்: மந்தையைத் திரும்பக் கட்டுவது என்றால் இன்றைய விற்பனையைக் குறைப்பது என்று பொருள். அடுத்து வந்த வறட்சிகளுக்குப் பிறகு, 2024 ஜனவரியில் அந்நாட்டின் மொத்த மாடுகள் 8.72 கோடி, 1951க்குப் பிறகு மிகக் குறைந்த எண்ணிக்கை.

நம் கணக்கெடுப்பு எண்களை இதே போல நேராக வறட்சியோடு பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. தமிழ்நாட்டின் மாடுகள் 2007இல் சுமார் 112 லட்சம், 2012இல் 88 லட்சம், 2019இல் 95 லட்சம். எருமைகள் 2012இல் 7.8 லட்சமாக இருந்து 2019இல் 5.2 லட்சமாயின. உழவு இயந்திரம், மேய்ச்சல் நிலத்தின் சுருக்கம், கலப்பினத்துக்கு மாறியது, ஆள் பற்றாக்குறை எனப் பல காரணங்கள் இவற்றில் பின்னிக் கிடக்கின்றன. 2017இல் அவ்வளவு மாடுகள் கைமாறியும் 2019இல் மொத்த எண்ணிக்கை கூடியே இருந்தது. இதிலிருந்து வறட்சி ஒன்றும் செய்யவில்லை என்று முடிவுகட்டுவது தவறு. மாநிலத்தின் கூட்டுத்தொகை நிலைத்திருக்கும்போதே, ஒரு வீட்டின் இரண்டு மாடுகள் பூஜ்யமாகவும் இன்னொரு வீட்டின் பத்து மாடுகள் இருபதாகவும் ஆகலாம். விலை இறங்கியபோது வாங்க முடிந்தவர்கள் முன்கூட்டியே வைக்கோல் வைத்திருந்தவர்கள். தீவனம் சேமிக்கும் இடமும் முதலும் உள்ளவர் கைக்கு மாடுகள் நகர்வதைக் கணக்கெடுப்பு எண் காட்டாது.

அப்படியானால் எப்போது முடிவெடுப்பது? என் கணிப்பில், சம்பா அறுவடை முடிந்த மாசி மாதமே அதற்குரிய நேரம். அப்போது போரின் அளவு தெரியும். அடுத்த பெரிய வைக்கோல் வரவு எத்தனை மாதம் தள்ளி என்பதும் தெரியும். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ என்று வைத்து, மாசியிலிருந்து ஆவணி வரையிலான ஏறத்தாழ 200 நாளுக்கு மாடொன்றுக்கு ஒரு டன் வேண்டும் என்று கணக்கிட்டால், கையிருப்பில் எத்தனை மாடு நிற்கும் என்பது கிடைத்துவிடும். குறைக்க வேண்டியிருந்தால், மாடு இன்னும் சதைப்பிடிப்போடு இருக்கும் அந்த மாதத்திலேயே வற்றிய மாட்டை விற்பது, சித்திரை, வைகாசியில் எலும்பு தெரிய விற்பதைவிட நல்ல விலை தரும். விற்ற மாடு தின்றிருக்கக்கூடிய வைக்கோலும் கிடாரிக்கு மிஞ்சும். இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பது எனக்குத் தெரியும். கோடை மழை ஒன்று வந்துவிடும், சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை பலமுறை பலித்தும் இருக்கிறது. அந்த நம்பிக்கை பலிக்காத ஆண்டின் இழப்பு, பலித்த ஆண்டுகளின் லாபத்தைவிடப் பெரியது என்பதால்தான் முன்கூட்டிய கணக்கை வற்புறுத்துகிறேன்.

இருக்கும் வைக்கோலை நீட்டிக்கவும் வழி உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 40 முதல் 65 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்தால், புரதம் ஏறத்தாழ இரு மடங்காகும், செரிமானமும் கூடும். எடுத்ததும் சிறிது நேரம் காற்றாட விட்டு, சிறுகச் சிறுகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. இதையும் மாசியிலேயே செய்துவிடுவது நல்லது, குடிக்கவே நீர் இல்லாத வைகாசியில் தெளிக்க நீர் கிடைக்காது. வைக்கோலை நறுக்கிப் போடுவதும், போரை மண்ணின் மேல் நேரடியாகப் போடாமல் கல்லும் கட்டையும் அடுக்கி உயர்த்திப் போடுவதும், மேலே தார்ப்பாயோ கூரையோ இடுவதும் சிறிய செலவில் பெரிய மிச்சம். வசதி உள்ளவர்கள் மக்காச்சோளத்தைப் பசுமையாகவே நறுக்கிக் காற்றுப்புகாமல் அடைத்து ஊறுகாய்ப்புல்லாக வைக்கிறார்கள். மழை மிகுந்த ஆண்டில் உலர்த்த வெயில் இல்லை என்ற தொல்லை இதில் இல்லை.

அரசின் தீவனக் கிடங்குகளைப் பொறுத்தவரை, வறட்சி அறிவிப்புக்குப் பிறகு மானிய விலையில் உலர்தீவனம் கொடுப்பது தேவையான உதவி. ஆனால் அறிவிப்பு வரும் நேரத்தில் வைக்கோல் விலை ஏறி முடிந்திருக்கும். அரசும் அதே உயர்ந்த விலைக்கு அதே குறைந்த கையிருப்பிலிருந்து வாங்க வேண்டியிருக்கும். நல்ல விளைச்சல் உள்ள ஆண்டின் பிப்ரவரியில், படுகை வயல்களில் வைக்கோலைக் கட்டக்கூட ஆளின்றிக் கொளுத்திவிடும் இடங்கள் இருக்கின்றன. அந்த வைக்கோலைக் கட்டி, மேற்கு மற்றும் தென் மாவட்டங்களில் கூரைக்கு அடியில் அடுக்கி வைத்தால், நனையாத வைக்கோல் அடுத்த ஆண்டின் தேவைக்கும் கெடாமல் நிற்கும். ஒரு டன் வைக்கோல் வைகாசியில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே ஒரு கிடாரி 200 நாள் நிற்கும். அந்தக் கிடாரி நிற்கும் வீட்டில் மூன்றாம் ஆண்டும் பால் இருக்கும்.